அப்பாவுக்கு வந்திருப்பது மறதி நோயா, மனச்சோர்வா, வேறு ஏதாவதா?

காவிரிக்கரை · திங்கள் இரவு 10:15

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 76 வயது, ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர். அம்மா போன தை மாதம் தவறிவிட்டார். அதிலிருந்து அப்பா அடங்கிப்போய்விட்டார். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து முற்றத்தில் உட்கார்ந்திருப்பார். பேப்பர் பிரிக்காமலே கிடக்கும். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிடுவார். ஆனால் யார் வந்தாலும் அடையாளம் தெரியும், பென்ஷன் கணக்கு பைசா சுத்தமாகச் சொல்வார். இரண்டு வாரம் முன்பு ஒரு டாக்டரிடம் காட்டினோம். மனச்சோர்வு என்று ஒரு மாத்திரை எழுதினார்.

இப்போது நாலு நாளாக ஆள் வேறு மாதிரி இருக்கிறார். காலையில் நன்றாகப் பேசுகிறார். சாயங்காலம் என்னைப் பார்த்து, "நீ எந்த வகுப்பு பிள்ளை?" என்று கேட்டார். நேற்று ராத்திரி முழுக்கப் போர்வை ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி எதையோ எடுத்துக்கொண்டே இருந்தார். என்னப்பா என்றால், நூல் பிரிகிறது என்றார். விடிந்ததும் எதுவும் நடக்காதது மாதிரி காபி கேட்கிறார். மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்கிறான் அண்ணன். அம்மா நினைப்பு முற்றிவிட்டது என்கிறார் அத்தை. அடுத்த வாரம் நரம்பியல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். அதுவரை எது என்று நாங்களே எப்படிப் புரிந்துகொள்வது?

தென்காசிச்சாரல் · திங்கள் இரவு 10:48

எங்கள் அப்பாவுக்கும் 79 வயது. மூன்று வருடமாக மறதி. வயதானால் வருவதுதான் சகோதரி, மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கேட்டதையே கேட்பார், கோபப்படாதீர்கள். நான் கோபப்பட்டு, பிறகு அழுதிருக்கிறேன்.

வார்டுஅக்கா · திங்கள் இரவு 11:20

காவிரிக்கரை, அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள் தங்கச்சி. விடிந்ததும் ரத்தப் பரிசோதனை வசதி உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரியே எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, வாந்தி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான் அரசு மருத்துவமனையில் 31 வருடம் செவிலியாக வேலை பார்த்தவள், அதில் 14 வருடம் மனநலப் பிரிவில். வயதானவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "என்ன செய்கிறார்" என்பதை அல்ல, "எப்போதிலிருந்து" என்பதைத்தான். மறதி நோய் நாலு நாளில் வராது. "போன தீபாவளிக்கே கொஞ்சம் தடுமாறினார்" என்று வீட்டார் யோசித்து யோசித்துச் சொல்வார்கள், ஆரம்பித்த நாளைச் சொல்லவே முடியாது. மனச்சோர்வு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இறங்கும். வெள்ளிக்கிழமை நன்றாக இருந்தார், சனிக்கிழமையிலிருந்து இப்படி என்று தேதி சொல்ல முடிகிறதென்றால் அது மூன்றாவது ஒன்று. அதற்கு டெலீரியம் என்று பெயர். காலையில் தெளிவு, இருட்டினால் குழப்பம், இல்லாத நூலைப் பிடுங்குவது, எல்லாம் அதன் அடையாளம்தான். உடம்பில் எங்கோ ஏதோ கெட்டுப்போய், மூளை அதைத் தாங்க முடியாமல் தடுமாறுகிறது. சிறுநீர்க் கிருமித் தொற்று, சிறுநீர் அடைப்பு, நாலு நாள் மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம்.

நாலு விஷயம் பார்த்து எழுதுங்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், பிரஷர் மாத்திரை உட்பட? சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா? சமீபத்தில் விழுந்தாரா, தலையில் அடிபட்டதா? கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் சொல்கிறாரா?

காவிரிக்கரை · திங்கள் இரவு 11:52

அக்கா, இப்போதுதான் கேட்டுப் பார்த்தேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர். சனி என்றார், வெள்ளி என்றார், அப்புறம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மணி அடிச்சாச்சா?" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

விழவில்லை. சிறுநீர் போகிறது. பிரஷருக்கு ஆறேழு வருடமாக ஒரே மாத்திரைதான், அதிலேயே நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது என்று மருந்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். புதிதாக வந்தது இந்த எஸ்சிடலோபிராம் மட்டும்.

ஊர்வைத்தியன் · செவ்வாய் காலை 5:40

நான் பொது மருத்துவன். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது சோடியம். தையசைடு வகை நீர் மாத்திரையும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், எஸ்சிடலோபிராம் வகை மருந்தும் குறைக்கும். வயதானவர், சாப்பாடும் பாதி, பிரஷர் என்று உப்பும் குறைவு. இரண்டு மருந்தும் சேர்ந்தால், அதுவும் முதல் சில வாரங்களில், சட்டென்று இறங்கிவிடும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 120-க்குக் கீழே போனால் குழப்பம், தள்ளாட்டம், சில நேரம் வலிப்புகூட வரும்.

சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் இன்றே பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளைப் பையோடு கொண்டுபோங்கள். ஒரு வேண்டுகோள்: பயத்தில் உப்புக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைக்கு அது வேறு ஆபத்து. மருத்துவமனையிலும் ஒரு நாளைக்கு எட்டு, பத்துப் புள்ளிக்கு மேல் ஏறாமல் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

இரண்டுபிள்ளைஅம்மா · செவ்வாய் காலை 9:05

காவிரிக்கரை சகோதரி, அப்பா சீக்கிரம் தேறி வர வேண்டும். உங்கள் இழையில் நுழைவதற்கு மன்னியுங்கள், "எப்போதிலிருந்து" என்று அக்கா எழுதியதைப் படித்ததும் என் பையன் ஞாபகம் வந்துவிட்டது. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பாடத்தைக் கவனிப்பதே இல்லை, பாதி எழுதிவிட்டு வெறித்துப் பார்க்கிறான், ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைபாடாக இருக்கும், காட்டுங்கள் என்கிறார் டீச்சர். ஆனால் போன வருடம் வரை இந்தப் புகாரே கிடையாது. வீட்டில் சேட்டை இல்லை, உட்கார்ந்த இடத்தில் படம் வரைவான். தோசை சாப்பிடும்போது பார்க்கிறேன்: பேசிக்கொண்டே இருப்பான், சட்டென்று வாக்கியம் பாதியில் நிற்கும். கையில் பிய்த்த தோசை அப்படியே நிற்கும். கண் இமை மட்டும் படபடக்கும். பத்து வினாடி இருக்கும். அப்புறம் விட்ட இடத்திலிருந்து பேசுவான். கூப்பிட்டது எதுவும் காதில் விழுந்திருக்காது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வருகிறது.

ஊர்வைத்தியன் · செவ்வாய் பகல் 1:30

அம்மா, டீச்சர் காட்டச் சொன்னது சரி, பெயர்தான் அவசரமாக விழுந்திருக்கிறது. கவனம் சிதறுகிற பிள்ளையின் தோளைத் தொட்டால் திரும்பிப் பார்ப்பான். நீங்கள் சொல்வதில் தொட்டாலும் திரும்ப மாட்டான், முடிந்த பிறகு நடந்ததும் தெரியாது. பிள்ளைகளுக்கு இந்த வயதில் வருகிற ஒரு வகை வலிப்பு இப்படித்தான் இருக்கும். கை கால் வெட்டாது, விழ மாட்டார்கள், அதனால் யாரும் அதை வலிப்பு என்று நினைப்பதில்லை. போனில் வீடியோ எடுத்துவைத்துக்கொண்டு குழந்தை நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நல்ல மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் பார்க்கும்வரை குளம், கிணறு, மொட்டை மாடிப் பக்கம் தனியாக விடாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இருக்கிற பெரிய வருத்தமே இந்த அவசரம்தான். ஏ.டி.எச்.டி. என்று சொல்ல, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். ஒரே ஒரு வகுப்பில் மட்டும் வருகிற தொல்லை என்றால் முதலில் அந்த வகுப்பைப் பார்க்க வேண்டும். காது சரியாகக் கேட்கிறதா, பலகை தெரிகிறதா, மூக்கடைப்பும் குறட்டையுமாக ராத்திரி தூங்காமல் பகலில் துறுதுறுவென்று அலைகிறதா (பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்வார்கள், பிள்ளைகள் பல நேரம் துள்ளுவார்கள்), எழுத்துக் கூட்டத் தெரியாத சங்கடத்தில் சேட்டை செய்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும். நேர்மாறான தப்பும் உண்டு. ஓடாமல் ஆடாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளைக்கு உண்மையிலேயே ஏ.டி.எச்.டி. இருக்கும். வகுப்பைக் கலைக்காததால் யாரும் கண்டுகொள்வதில்லை. கல்லூரி வந்த பிறகு தவித்துப்போய் வருவார்கள்.

காவிரிக்கரை · செவ்வாய் மாலை 6:20

சோடியம் 118. அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறோம். இரண்டு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மற்ற பரிசோதனைகள் சரியாக இருக்கின்றன. அப்புறம் எழுதுகிறேன்.

வார்டுஅக்கா · செவ்வாய் மாலை 6:41

கூடவே இருங்கள். அவருடைய கண்ணாடியை மாட்டிவிடுங்கள், காது மெஷின் இருந்தால் அதையும். கண்ணில் படுகிற இடத்தில் கடிகாரமும் காலண்டரும் வைக்கச் சொல்லுங்கள். இரவில் சின்ன விளக்கு எரியட்டும். முகம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், நான் உங்கள் மகள்" என்று அடிக்கடி சொன்னாலே பாதி பயம் போகும். கையைக் கட்டிப்போட்டால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

மாடிப்படி · செவ்வாய் இரவு 9:30

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு 24 வயது. ப்ளஸ் டூ படிக்கும்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். மார்க் இறங்கியது. கிரிக்கெட் போவதை நிறுத்தினேன். வீட்டில் திமிர் என்றார்கள், செல்போன் என்றார்கள். நான் அழவில்லை, அதனால் யாருக்கும், எனக்குமே, இது மனச்சோர்வு என்று தோன்றவில்லை. இந்த வயதில் சோகம் பல நேரம் சிடுசிடுப்பாகத்தான் வெளியே வரும், மருத்துவ வரையறையிலேயே பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் அப்படி எழுதியிருக்கிறது என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதை அங்கே முடியவில்லை. இருபது வயதில் ஹாஸ்டலில் மறுபடி விழுந்தேன். ஓர் இடத்தில் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் மூன்று மணி நேரம்தான் தூங்கினேன், களைப்பே இல்லை. பேச்சு நிற்கவில்லை. நண்பர்களிடம் கடன் வாங்கி, விடுதிக்கே டீக்கடை வைக்கப்போகிறேன் என்று பாத்திரங்கள் வாங்கிக் குவித்தேன். தெளிந்துவிட்டான் என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அடுத்து பார்த்த டாக்டர்தான், "குறைவாகத் தூங்கியும் களைப்பே தெரியாத நாட்கள் இதற்கு முன்பு இருந்ததா? குடும்பத்தில் யாருக்காவது?" என்று கேட்டார். இருந்தது. சித்தப்பாவுக்கும் இருந்திருக்கிறது, யாரும் பேசியதில்லை. இருதுருவ நோய், அதாவது மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருவது. அது பாதிப் பேருக்கு மேல் முதலில் மனச்சோர்வாகத்தான் வருமாம். இப்போது அதற்கு லித்தியம் மாத்திரை, அவ்வப்போது ரத்தத்தில் அளவு பார்க்கிறேன், வேலைக்குப் போகிறேன். இளவயதில் மனச்சோர்வு என்று சொல்லப்பட்டவர்களின் வீட்டார் டாக்டர் கேட்காவிட்டாலும் இந்த இரண்டு விஷயத்தையும் நீங்களாகவே சொல்லுங்கள்.

வார்டுஅக்கா · புதன் காலை 7:10

தம்பி, நீ எழுதியது பல வீட்டுக்கு உதவும். இளவயதில் இன்னொன்றும் உண்டு. கதவைச் சாத்திக்கொள்ளாத பதின்வயதுப் பிள்ளை ஏது? அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நண்பர்களையும் விட்டுவிட்டு, குளிப்பது, துணி மாற்றுவது எல்லாம் நின்று, சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறது, யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறது, தனியாக யாருக்கோ பதில் சொல்கிறது என்றால் அது வேறு. மனச்சிதைவு ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயது முடிவிலிருந்து இருபதுகளின் நடுவரைக்குள் தொடங்கும், பெண்களுக்கு அதைவிடச் சில வருடம் தள்ளி. கஞ்சாவும் இதைத் தூண்டிவிடும். எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் படிப்பும் வேலையும் மிஞ்சும். என் வார்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கோயில், மந்திரிப்பு, தாயத்து என்று ஒன்றிரண்டு வருடம் சுற்றிவிட்டு வந்தவர்கள். சாமி கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறவள்தான். மருந்தையும் அன்றைக்கே தொடங்குங்கள்.

கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே நம் ஊரில் கேலி. 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. அங்கே பயிற்சி எடுத்த நாட்களில் நான் பார்த்தது, குணமாகி, துணிமணியைப் பையில் கட்டி வைத்துக்கொண்டு, கூட்டிப்போக வீட்டார் வருவார்களா என்று வாசலையே பார்த்திருந்த பெண்களை. அந்தச் சொல்லைக் கேலிக்கு எடுப்பவர்களைக் கண்டால் இன்றும் எனக்கு மனசு கொதிக்கும்.

புதுஅப்பா · புதன் காலை 11:15

அவசரம். மனைவிக்குப் பிரசவம் ஆகி எட்டாவது நாள். மூன்று நாளாகச் சுத்தமாகத் தூங்கவில்லை, ஆனால் சோர்வும் இல்லை. இது நம் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்கிறாள். பச்சை உடம்பு, காற்றுக் கருப்பு என்கிறார் மாமியார்.

ஊர்வைத்தியன் · புதன் காலை 11:22

இப்போதே பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கோ, மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். குழந்தையோடு அவரைத் தனியாக விடாதீர்கள். மூன்றாம், நாலாம் நாள் காரணம் இல்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதைத் தாண்டியும் சோகம் நீடித்தால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. நீங்கள் சொல்வது இரண்டும் இல்லை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற கடுமையான மனநோய் மாதிரி தெரிகிறது. நன்றாகக் குணமாகக் கூடியது, ஆனால் இன்றைக்கே பார்க்க வேண்டியது. அவரோடு வாதாடாதீர்கள், திட்டாதீர்கள்.

புதுஅப்பா · புதன் பகல் 3:50

சேர்த்துவிட்டோம். குழந்தை என் அம்மாவிடம் இருக்கிறது. நன்றி டாக்டர்.

தென்காசிச்சாரல் · புதன் இரவு 8:30

முதல் பதிலில் வயதானால் வருவதுதான் என்று நான் எழுதியது தவறு. காவிரிக்கரை அதை நம்பிக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. என் அப்பாவைப் பற்றியும் கேட்கிறேன். மறதி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் தெளிவாக இருக்கிறார், ஒரு நாள் மந்தம். கொல்லையில் சின்னப் பிள்ளைகள் விளையாடுகின்றன, விரட்டாதே, பாவம் என்கிறார். நடை குறுகிவிட்டது. தூக்கத்தில் கையை வீசி அடிக்கிறார்.

ஊர்வைத்தியன் · புதன் இரவு 10:05

சார், நீங்கள் எழுதிய நாலையும் அப்படியே ஒரு தாளில் எழுதி நரம்பியல் டாக்டரிடம் கொடுங்கள். மறதி நோய் எல்லாம் ஒன்றல்ல. அல்சைமர் தவிர லூயி பாடி என்று ஒரு வகை உண்டு. தெளிவும் மந்தமும் மாறி மாறி வருவது, தத்ரூபமாக ஆட்களோ பிராணிகளோ தெரிவது, நடை இறுகுவது, கனவில் கை வீசுவது எல்லாம் அதில்தான் சேர்ந்து வரும். தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், கத்துகிறார், அடங்கவில்லை என்று எங்காவது ஹாலோபெரிடால் ஊசி போட்டுவிட்டால் இவர்களுக்கு உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். எழுபது வயதில் முதன்முதலாகப் பிரமை வருகிறது என்றால் மனச்சிதைவு என்று நினைப்பதற்கு முன் மூளையையும் உடம்பையும் மருந்துப் பையையும் பார்க்க வேண்டும். பி12, தைராய்டு பார்த்தீர்களா? இல்லையென்றால் அதையும் கேளுங்கள்.

காவிரிக்கரை · ஞாயிறு மாலை 5:00

அப்பாவுக்கு நேற்று 133. இன்று காலை நர்ஸ் வந்து பெயர், ஊர், தேதி கேட்டதற்கு எல்லாம் சொன்னார். பிறகு நான் விளையாட்டாகத் தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். சித்திரை வரை நிற்காமல் சொல்லிவிட்டு, "ஏம்மா, எனக்குப் பரீட்சையா?" என்றார். வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். அண்ணனும் அழுதான்.

ஆனால் தெளிந்ததும் பழைய சோகம் அப்படியே இருக்கிறது. இப்போது அந்த மாத்திரையும் கிடையாது. அக்கா, அம்மா போன துக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் எங்கே கோடு போடுவது?

வார்டுஅக்கா · ஞாயிறு இரவு 8:15

துக்கம் அலை மாதிரி வரும். அம்மா புடவையைப் பார்த்தால் பொங்கும், பேத்தி வந்தால் கொஞ்சம் விலகும். நான் உதவாக்கரை, எல்லாருக்கும் பாரம் என்கிற பேச்சு துக்கத்தில் பொதுவாக இருக்காது. மனச்சோர்வில் விலகலே இல்லை, எதிலும் ருசி இல்லை, தன் மேலேயே வெறுப்பு. நாலு மணிக்கு விழிப்பு, காலையில் பாரம் அதிகம், உடம்பு இளைப்பு எல்லாம் அந்தப் பக்கம்தான் காட்டுகிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் சோகம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வயிறு எரிகிறது, தலையில் பாரம், கை கால் உளைச்சல் என்பார்கள், பத்து ஸ்கேன் எடுத்த பிறகும் அப்படியே சொல்வார்கள்.

இன்னொன்று, பயப்படாமல் கேளுங்கள்: "அப்பா, சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயம் வேண்டாம். கேட்டவுடன் பலர் மூச்சு விட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் பூட்டி வையுங்கள், அன்றைக்கே மனநல டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள்.

சோடியத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத மருந்துகளும் இருக்கின்றன. நடந்ததை மனநல டாக்டரிடம் சொன்னால் பார்த்துக் கொடுப்பார். எந்த மருந்து தொடங்கினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த முதல் டாக்டர் நோயைத் தப்பாகச் சொல்லவில்லை, அப்பாவுக்கு மனச்சோர்வு இருந்தது. கூட என்ன மாத்திரை போகிறது என்று கேட்காமல் விட்டதுதான் குறை.

இரண்டுபிள்ளைஅம்மா · அடுத்த வெள்ளி காலை 10:40

இ.இ.ஜி. பார்த்தாயிற்று. வலிப்புதான். மருந்து தொடங்கியிருக்கிறார்கள். டீச்சரிடம் சொன்னேன், அவரும் கலங்கிவிட்டார். இப்போது வகுப்பில் எத்தனை தடவை வருகிறது என்று அவரே குறித்துத் தருகிறார்.

காவிரிக்கரை · அதற்கடுத்த புதன் இரவு 9:20

அப்பா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மனநல டாக்டர் வேறு மருந்து கொடுத்திருக்கிறார், சோடியம் 136. அந்தக் கேள்வியைக் கேட்டேன் அக்கா. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோணுச்சும்மா, இப்ப இல்ல" என்றார். மாத்திரைகள் என் பீரோவில் இருக்கின்றன. டாக்டரிடமும் சொல்லிவிட்டேன்.

தூக்கம், சாப்பாடு எழுதி வரச் சொன்னார் டாக்டர். அப்பா ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்லி, ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கட்டம் போட்டு, வருகைப் பதிவேடு மாதிரி தானே எழுதுகிறார். சாப்பாட்டுக் கட்டத்தில் இன்னும் பாதி நாட்களுக்கு "குறைவு" என்றுதான் இருக்கிறது.

வார்டுஅக்கா · புதன் இரவு 9:44

குறைவு என்று எழுத உட்காருகிறாரே, அது போதும் இப்போதைக்கு. நோட்டை ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். நாலு மணி விழிப்பு எந்தத் தேதியில் நாலரை ஆகிறது என்று அதில்தான் முதலில் தெரியும்.